பத்திரத்தில் பேருள்ளவர் மட்டும்

உங்க டோக்கன் எத்தனைங்க? நாப்பத்தேழா. அப்பச் சாவகாசமா உக்காருங்க. இப்பத்தான் பத்தொம்பது ஓடிட்டு இருக்குது. என்னுது முப்பத்தொண்ணு. இங்க வாங்க, இந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இந்தப் பெஞ்சுக்கு மட்டுந்தான் ஃபேன் காத்து வரும். காலைல ஒம்பதரைக்கே வந்து எடம் புடிச்சுட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மில்லுல முப்பத்தாறு வருஷம் டைம்கீப்பர். யாரு எத்தனை மணிக்கு உள்ள போனாங்க, எத்தனை மணிக்கு வெளிய வந்தாங்க, அதுதான் என்ற வேலை. ஆயிரத்து இருநூறு பேரு, ஒரு தலை தப்பாது. அதனால எண்ணிக்கைன்னா எங்கிட்ட விட்டுருவாங்க எல்லாரும். பொன்விழா நகர் தெரியுங்களா? பைபாஸ் தாண்டி, தண்ணித் தொட்டி தெரியும் பாருங்க, அங்கதான் வீடு.

என்ன பத்திரம்னு கேக்கறீங்களா. வீட்டை என்ற பேருக்கு மாத்தோணுங்க. வீடு என்ற சம்சாரம் பேருல இருக்குது. சாந்தாமணின்னு பேரு. அவ எனக்கு எழுதிக் குடுக்கோணும், நான் வாங்கிக்கோணும், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு வர்றேன்னா. இப்ப பன்னெண்டே காலாச்சு. ஃபோன் போட்டா எடுக்கவே காணோம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதிஞ்ச ரசீதைக் கொண்டுபோய் எங்க நகர்ச் சங்கத்துல காட்டினாத்தான் ஓட்டர் லிஸ்ட்ல என்ற பேரு ஏறும். ஞாயித்துக்கிழமை தலைவர் எலெக்‌ஷன். ஆமாங்க, அதுக்குத்தான். ஓட்டுப் போடறதுக்குத்தான் வீட்டை மாத்தறேன். சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டா நீங்களும் மாத்தச் சொல்லுவீங்க.

எங்க நகர்ல ரெண்டு அணிங்க. ஒண்ணு நாங்க, மரபு அணி. எது எப்படி நடந்துட்டு இருந்துச்சோ அது அப்படியே நடக்கோணும், அதுதான் எங்க கொள்கை. இன்னொண்ணு புதுயுக அணி. அவனுக எதையாவது மாத்தியே தீரோணும்னு அலையறவனுக. போன தடவை எங்க அணியிலயே ரெண்டு பேரு தலைவருக்கு நின்னு, ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சு, புதுயுகக்காரன் உள்ள பூந்துட்டான். பூந்தவன் என்ன பண்ணினான்னா, பார்க்குல நீலக் கலர் லைட்டைப் போட்டு, பாட்டை வெச்சு, காலைல எல்லாரையும் ஆடச் சொல்லிட்டான். பிள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்புலங்க. மூணு வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டுட்டுப் பல்லைக் கடிச்சுட்டு இருந்தோம்.

இந்தத் தடவை விடக் கூடாதுன்னு இருக்கறப்ப, அமெரிக்காவுல ஓஹையோவுல இருக்கற என்ற பையன்கிட்டப் பேசினேன். அவன் சொல்றான், அப்பா, இங்க ஒரு கட்சிக்குள்ளயே முதல்ல போட்டி வெப்பாங்க, அதுல ஜெயிக்கறவந்தான் அடுத்த அணியோட மோதுவான்னு. பழைய வழக்கமே நல்லதுன்னு சொல்ற ஆளு நின்னா, சர்ச்சுக்குப் போறவங்க எத்தனை பேரு, வெவசாயம் பண்றவங்க எத்தனை, வரி கட்டப் புடிக்காதவங்க எத்தனை, துப்பாக்கி வெச்சிருக்கறவங்க எத்தனைன்னு தனித்தனியாப் பிரிச்சு, எந்தக் கூட்டம் இவருக்கு விழும், எந்தக் கூட்டம் அவருக்கு விழும்னு டிவியில நாள் முச்சூடும் உக்காந்து பேசுவாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. ரிட்டையராகி எட்டு வருஷம், என்னைய ஒருத்தரும் ஒண்ணும் எண்ணச் சொல்லல. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கல.

மறுநாளே பார்க்கு பெஞ்சுல கூட்டத்தைக் கூட்டினேன். நமக்குள்ள முதல்ல ஒரு தேர்தல், ஜெயிச்சவருக்கு எல்லாரும் வேலை செய்யோணும், தோத்தவரு வாயை மூடிக்கோணும். எல்லாரும் கையைத் தட்டிட்டாங்க. ரெண்டு பேரு நிக்கறேன்னாங்க. ஒருத்தரு அவினாசியப்பன், ரெவின்யூ ஆபீஸ்ல ஆர்.ஐ.யா இருந்து ரிட்டையரானவரு. என்ன ஆளுங்கறீங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேசினா நாலு தெருவுக்குக் கேக்கும். நான் அவரு பக்கம். இன்னொருத்தரு குழந்தைவேலு. அவரு கரண்ட் ஆபீஸ்ல லைன் பாத்தவரு. இப்பச் சங்கத்துல தண்ணி வால்வைத் திறந்து மூடறது, தண்ணி வரி வசூலிக்கறது, அதெல்லாம் அவருதான். பேச வராது. நின்னா கையை எங்க வெக்கறதுன்னு தெரியாது. அவரும் மரபுதான், எங்களையும்விட ஒரு படி மேல, வீட்டுல மிக்சி கூட வெச்சுக்க மாட்டாரு. ஆனா ஓட்டு வாங்கற மூஞ்சி இல்லீங்க அது.

நான் நோட்டைப் போட்டேன். மரபு அணியில நூத்திப் பத்து வீடு. அதை ஒவ்வொண்ணா எடுத்துக் கூட்டம் பிரிச்சேன். பெரிய கூட்டம், கோயில் கூட்டம். பிள்ளையார் கோயில் கமிட்டி, மார்கழிப் பொங்கல் பார்ட்டி, எல்லாம் சேத்தி முப்பத்தி நாலு. அடுத்தது வாஸ்துக் கூட்டம், இருவத்தாறு. அதுக்குத் தலைவரு மாரப்பன்னு ஒருத்தரு, வாஸ்து சரியில்லைன்னு சொந்த வீட்டுக்கே பின்வாசல் வழியாப் போறவரு. அவரு சொன்னா இருவத்தாறு வீடும் அசையாது. அப்புறம் பேச்சிலருக்கு வாடகைக்கு விடக் கூடாதுன்னு சொல்ற கூட்டம், பதினெட்டு. தெரு நாயைப் புடிச்சுட்டுப் போகோணும்னு சொல்ற கூட்டம், பதினஞ்சு. மிச்சம் பதினேழு. அது என்ன கூட்டம்னே சொல்ல முடியல. எதைக் கேட்டாலும் எங்க காலத்துலன்னு ஆரம்பிப்பாங்க, முடிக்கவே மாட்டாங்க. அதுக்கு நான் எங்க காலத்துலக் கூட்டம்னே பேரு வெச்சுட்டேன்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாக்குறுதி. கோயில் கூட்டத்துக்கு, நீல லைட்டைக் கழட்டி மஞ்ச லைட்டு. வாஸ்துக் கூட்டத்துக்கு, நகர் மெயின் கேட்டை நாலடி வடக்கால தள்ளி வெக்கறது. நாயிக்கு நாய் வண்டி. பேச்சிலருக்குக் கதவடைப்பு. எங்க காலத்துலக் கூட்டத்துக்கு மாசம் ஒருநா மைக்கு. ஆறாவதா ஒண்ணு நானாச் சேத்தினேன், அது பொதுவுக்கு. தண்ணி விடற நேரத்தை மாத்தக் கூடாது. முப்பது வருஷமா நாலரை மணிக்கு விடற தண்ணி நாலரை மணிக்கேதான் விடோணும். ஏன்னா புதுயுகக்காரன் அதையும் மாத்தலாமான்னு ஒரு பேச்சு எடுத்திருந்தான். விடியாலை நாலரைங்க. பிரம்ம முகூர்த்தத்துல வர்ற தண்ணிக்கு ஒரு சக்தி இருக்குதில்லீங்களா. மாறாத நேரம், மாறாத மரபுன்னு நோட்டீஸ்ல தடிச்ச எழுத்துல போட்டேன். அவினாசியப்பன் அதைப் படிச்சுட்டு என்னையக் கட்டிப் புடிச்சுட்டாரு.

அந்தத் தண்ணி எப்படின்னா, சங்கத்துப் போர்வெல் தண்ணிங்க. மேல் தொட்டியில ஏத்தி, நாலரையிலிருந்து அஞ்சேகால் வரைக்கும் விடுவாங்க. அவங்கவங்க வீட்டு முன்னால வால்வு இருக்கும், திறந்து தொட்டியில புடிச்சுக்கோணும். ராத்திரியே திறந்து வெச்சுட்டுத் தூங்கக் கூடாது, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேராதுன்னு கனெக்‌ஷனைக் கட் பண்ணிருவாங்க. அதனால நேரத்துக்கு ஒரு ஆளு நிக்கோணும். எங்க வீட்டுலயா? சாந்தாமணி பாத்துக்குவா. நான் எந்திரிக்கறதுக்கு ஏழு, ஏழேகால் ஆயிரும். மில்லுல ஷிஃப்ட் பாத்த ஒடம்புங்க, ரெஸ்ட் குடுக்கோணுமில்லீங்களா.

அப்புறம் விதி. விதியில எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. போன தடவை யாரு யாரோ வந்து ஓட்டுப் போட்டாங்க. வாடகைக்காரன் வந்தான், அப்பாவுக்குப் பதிலா மகன் வந்தான், ஒரு வீட்டுக்கு மச்சினன் வந்தான். புதுயுகக்காரன் நம்ம தேர்தல்லயும் ஆளை விட்டுக் குழப்புவான். அதனால ஒரே போடாப் போட்டேன். பத்திரத்துல பேருள்ளவர் மட்டும், நேர்ல, ஆதாரோட. வீட்டுக்கு ஒரு ஓட்டு. பதிலாள் கிடையாது. ரகசிய ஓட்டு. செல்போன் உள்ள கூடாது. இந்த அஞ்சு விதியையும் எழுதி, நானே வாசிச்சு, நானே ஆமோதிச்சேன். குழந்தைவேலுதான் லேசாக் கையைத் தூக்கி, பத்திரத்துல பேருள்ளவங்கன்னா யோசிச்சுக்கலாமுங்களான்னு கேட்டாரு. பயந்துட்டான் மனுசன்னு நாங்க சிரிச்சோம். தண்ணி கனெக்‌ஷனுக்காக எல்லா வீட்டுப் பத்திரத்தோட ஜெராக்ஸும் அவருகிட்டத்தான் இருக்குதுன்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க.

பிரசாரம் இருவது நாளு. தினம் சாயங்காலம் அஞ்சரைக்குப் பார்க்குல ஆம்பளைங்க எல்லாரும் கூடுவோம். ஏழரைக்கு எங்க வீட்டுல கமிட்டி. ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் பேரு. சாந்தாமணி காப்பி போட்டுக் குடுத்துட்டே இருப்பா. அவளுக்கு இந்த அரசியல்லாம் ஆகாதுங்க. ஒருநா மட்டும் டம்ளரை எடுக்க வந்தவ, அந்த ஆறாவது எதுக்குங்கன்னு கேட்டா. அது கொள்கை அம்மணி, உனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டேன். அவ சரிங்கன்னுட்டுப் போயிட்டா. மாரப்பன் என்ற கைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தாரு, இருவத்தாறும் உங்களுக்குன்னு. கோயில் கமிட்டி செயலாளரு பிள்ளையார் முன்னால நின்னு சொன்னாரு. நாய்க் கூட்டம் எழுதியே குடுத்துட்டாங்க. உறுதியான ஓட்டு தொண்ணூத்தி மூணு. எங்க காலத்துலக் கூட்டத்துல பாதி வந்தாக்கூட நூத்தி ஒண்ணு. டெபாசிட் கட்டச் சொல்லியிருந்தா குழந்தைவேலுக்குப் போயிருக்கும்.

அந்த மனுசன் பிரசாரமே பண்ணலீங்க. நோட்டீஸ் இல்ல, கூட்டம் இல்ல, பார்க்குப் பக்கமே வரல. நான் மாரப்பனை விட்டு வேவு பாக்கச் சொன்னேன். அவரு போய்ப் பாத்துட்டு வந்து, சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வீட்டுல லைட்டை அணைச்சுட்டுத் தூங்கறாருன்னாரு. தோல்வி பயத்துல படுத்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டோம். விடியாலையில வால்வு திறக்கப் போறப்ப வீதி வீதியா நின்னு ஏதோ ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறாருன்னு யாரோ சொன்னாங்க. அந்நேரத்துக்கு வீதியில ஓட்டுக்காரன் எவன் இருக்கப் போறான்னு நான் அதை நோட்டுலயே ஏத்தல.

தேர்தல் அன்னைக்கு, கோயில் மண்டபத்துல பூத்து. பக்கத்து நகர்ல இருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியாரைத் தேர்தல் அதிகாரியாக் கூட்டிட்டு வந்திருந்தோம், ரொம்பக் கண்டிப்பானவரு. முதல் ஓட்டு வேட்பாளரு போடட்டும்னு அவினாசியப்பன் மாலையோட உள்ள போனாரு. வாத்தியார் பத்திர ஜெராக்ஸைப் பாத்து எழுதின லிஸ்ட்டை மேல இருந்து கீழ பாத்தாரு, கீழ இருந்து மேல பாத்தாரு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு மெதுவாச் சொன்னாரு.

"ஐயா, இந்த வீட்டுப் பத்திரத்துல உங்க பேரு இல்லீங்களே. அம்மா பேருதான் இருக்குது. அவங்கள வரச் சொல்லுங்க."

எனக்கு முதல்ல வெளங்கலீங்க. அப்புறம் மாரப்பன் போனாரு, திரும்பி வந்தாரு. கோயில் செயலாளரு போனாரு, திரும்பி வந்தாரு. கடைசியா நான் போனேன். விதி எழுதினது நான்னு சொன்னேன். வாத்தியாரு அந்த விதியையே எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டினாரு.

எப்படின்னு கேக்கறீங்களா. முப்பது வருஷத்துக்கு முன்னால நகர் போட்டப்ப, சைட்டு வித்தவரு ஆபீஸ்லயே ஒரு ஜோசியரை உக்கார வெச்சிருந்தாருங்க. சைட்டு வாங்க வர்றவங்க ஜாதகத்தை எல்லாம் பாத்துட்டு, உனக்கு ஏழரை, உனக்கு அட்டமம், சம்சாரம் பேருல பதிஞ்சாத்தான் வீடு நிக்கும்னு அனேகமா எல்லாருக்கும் அதையேதான் சொன்னாரு. நம்பிக்கை இருக்கறவங்க எல்லாம் பொண்டாட்டி பேருல பதிஞ்சோம். ஜோசியமாவது மண்ணாவதுன்னு சொன்னவனுக தன் பேருல பதிஞ்சுட்டாங்க. அவனுகதான் இப்பப் புதுயுக அணி. அவனுக வீட்டுல எல்லாம் ஆம்பளை ஓட்டு. எங்க மரபு அணியில லிஸ்ட்டை எடுத்து எண்ணினா நூத்திப் பத்துல எம்பத்தி நாலு பொம்பளைங்க. அதுலயும் வாஸ்துக் கூட்டத்துல இருவத்தாறும் பொம்பளைங்க. மாரப்பன் எங்கிட்டச் சத்தியம் பண்ணினாரே, அவருக்கே ஓட்டு இல்லீங்க.

வீட்டுக்கு ஆள் போச்சு. அடுப்புல இருந்தவங்க, துணி தொவைச்சுட்டு இருந்தவங்க எல்லாம் சேலை மாத்திட்டு, ஆதாரை எடுத்துட்டு வந்தாங்க. அவசரமே இல்லீங்க அவங்களுக்கு. நாள் குறிச்சு வெச்சிருந்த மாதிரி நிதானமா வந்தாங்க. செல்போன் உள்ள கூடாதுன்னு நான் விதி போட்டனே, அதனால ஃபோனையும் பையையும் வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு உள்ள போனாங்க. கேட்டுக்கு வெளிய வெயில்ல எழுவது, எம்பது ஆம்பளைங்க, ஆளுக்கொரு ஹேண்ட்பேக்கைப் புடிச்சுட்டு நின்னோம். எம்பொண்டாட்டி பை செவப்பு. அவினாசியப்பன் கையில பூப்போட்ட பை, கழுத்துல மாலை. புதுயுகக்காரனுக எதுத்த டீக்கடையில உக்காந்து பாத்துட்டு இருந்தானுக.

எனக்கு அப்பக்கூடப் பயமில்லீங்க. பொண்டாட்டி ஓட்டுன்னா புருஷன் ஓட்டுத்தானே, பேரு மட்டுந்தானே வேறன்னு அவினாசியப்பனுக்குத் தைரியம் சொன்னேன். அவரும் ஆமாமான்னாரு. கணக்கு அப்படியே நிக்குதுன்னு நோட்டைத் தட்டிக் காமிச்சேன்.

எண்ணினாங்க. அவினாசியப்பன் இருவத்தி நாலு. குழந்தைவேலு எம்பத்தாறு.

தண்ணி இருக்குதுங்களா உங்க பாட்டில்ல? ஒரு வாய் குடுங்க.

யாரு கவுத்ததுன்னு நானும் ஒரு வாரமா யோசிக்கறேன். கோயில் கூட்டமா, வாஸ்துக் கூட்டமா, எதுல ஓட்டை விழுந்துச்சுன்னு தெரியல. மாரப்பன் மேல சந்தேகம் வந்து அவருகூடப் பேச்சை நிறுத்திட்டேன். அவரு நாய்க் கூட்டத்து மேல பழி போடறாரு. எம்பத்தி நாலு பொம்பளைங்களும் ஒட்டுக்காத் திரும்பினாங்கன்னே வெச்சுக்குவம். அப்பவும் எம்பத்தாறு எப்படி வரும்? ரெண்டு ஆம்பளை எங்களுக்குத் துரோகம் பண்ணியிருக்கானுக. அந்த ரெண்டு பேரு யாருங்கறதுதான் எனக்கு ராத்திரி பகலா ஓடிட்டு இருக்குது. எம்பத்தி நாலுல அவினாசியப்பன் சம்சாரமும் ஒண்ணு. அதை மட்டும் அவருகிட்ட நான் சொல்லல, அவரு பாவம்.

சாந்தாமணிகிட்டக் கேட்டேன். நீ யாருக்குப் போட்டேன்னு கேட்டேன். ரகசிய ஓட்டுன்னு நீங்கதானுங்க விதி போட்டீங்கன்னுட்டு வெங்காயத்தை உரிக்கப் போயிட்டா.

சிரிப்பு வருதுங்களா? எனக்கும் உங்க எடத்துல இருந்தா வரும். ஆனா அன்னைக்கு அந்தக் கேட்டுக்கு வெளிய நின்னேன் பாருங்க, அதை என்னால தாங்க முடியலீங்க. மில்லுல லோன் போட்டு, ஓவர்டைம் பாத்து, ஒவ்வொரு செங்கல்லா நான் கட்டின வீடு. முப்பது வருஷமா என்ற வீடுன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வாத்தியாரு ஒரு நிமிஷத்துல இல்லைன்னுட்டாரு. இப்ப நகர்ல சின்னஞ்சிறுசெல்லாம் என்னையப் பாத்தா ஓட்டில்லாதவரு வர்றாருன்னு சொல்லுது. அழுதுட்டேன் ஒருநா, பாத்ரூம்ல. ஞாயித்துக்கிழமைக்கும் சங்கத்துல அதே விதி, அதே வாத்தியாரு. எனக்குத் தலைவரு யாரு வந்தாலும் சரிங்க. குழந்தைவேலு வரட்டும், புதுயுகக்காரன் வரட்டும். ஞாயித்துக்கிழமை அந்த வாத்தியாரு லிஸ்ட்டுல என்ற பேரைப் பாத்துட்டு, வாங்க ஐயான்னு சொல்லோணும். அது போதும். அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன்.

கேட்டதுக்கு அவ மாட்டேன்னு சொல்லலீங்க. சரி, வர்றேன்னா. ஆனா மணி ஒண்ணாகப் போகுது, ஆளைக் காணோம். இருவத்தி ஒம்பதைக் கூப்பிட்டாச்சு. என்ற நம்பரு வர்றப்ப அவ இல்லைன்னா அடுத்த தேதி அடுத்த வாரந்தான்.

இருங்க. வந்துட்டா. அங்க, கேட்டுக்கிட்ட ஆட்டோவுல இருந்து இறங்கறா பாருங்க, பச்சைச் சேலை. ஒரு நிமிஷம், பேசிட்டு வந்தர்றேன். என்ற பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க.

நன்றிங்க. கொஞ்சம் நவுந்துக்கங்க, நானும் உக்காந்துக்கறேன். கால் லேசா வலிக்குது.

ஏன் இத்தனை நேரம்னு கேட்டேன். காலைல தண்ணி புடிச்சு, சமைச்சு வெச்சுட்டு, சித்த நேரம் கண்ணசந்துட்டாளாம். பத்திரத்தை எல்லாம் எடுத்துட்டு வந்துட்டா, ஒண்ணு விடாம. ஆதாரு, ஃபோட்டோ எல்லாம் இருக்குது. கையெழுத்து எங்க போடோணும்னு காமிங்க, போட்டுட்டுப் போலாம்னா. எனக்கு மனசு குளுந்து போச்சு. அப்புறம் ஒண்ணு சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல, கடைக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்றமே, அப்படிச் சொன்னா.

"முப்பது வருஷமா என்ற வீடுன்னுதானுங்க நாலரைக்கு எந்திரிச்சேன். உங்க வீடாயிருச்சுன்னா நாளையிலிருந்து நீங்க எந்திரிச்சுக்கங்க."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அதென்ன பேச்சு, ஓட்டுக்காகத்தானே மாத்தறோம்னேன். ஆமாங்க, நானும் அதுக்குத்தான் சொல்றேன்னா. குழந்தைவேலு அண்ணன் வால்வு திறக்க வர்றப்ப ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். தண்ணி எத்தனை மணிக்கு விட்டா உங்களுக்குச் சௌகரியம்னு. ஆறு மணின்னு எல்லாரும் சொன்னாங்களாம். சரிங்கம்மான்னுட்டுப் போயிட்டாராம். முப்பது வருஷத்துல எங்களை அதைக் கேட்டது அவரு ஒருத்தருதானுங்கன்னா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பவும் பாருங்க, என்ற வாயில வந்தது என்னன்னா, சரி, அந்த ரெண்டு ஆம்பளை யாருன்னு கேட்டேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. நகர்ல நாலரைக்குத் தண்ணி புடிக்கற ஆம்பளை ரெண்டே பேருதானாம். ஒருத்தரு மூணாம் வீதிக்காரரு, சம்சாரம் தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு. இன்னொருத்தரு கடைசி வீட்டுக்காரரு, அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுக்கையில இருக்குது. துரோகமா பண்ணியிருக்காங்க அவங்க? ஒரு வாரமாத் திட்டிட்டு இருந்தேன், அந்த ரெண்டு பேரையும், யாருன்னு தெரியாமயே.

நோட்டை எடுத்துப் பாத்தேன். கோயில் கூட்டம், வாஸ்துக் கூட்டம், நாய்க் கூட்டம், எல்லாம் கோடு போட்டு அழகா எழுதி வெச்சிருக்கேன். நகர்ல இருந்தது ஒரே கூட்டந்தானுங்க. நாலரைக்கு எந்திரிக்கற கூட்டம். எங்க அணியில ஓட்டுள்ளவங்க மட்டுமே எம்பத்தாறு பேரு, தினம் விடியாலை வீதியில நின்னிருக்காங்க. ஆயிரத்து இருநூறு பேரை எண்ணினவன், ஒரு நாளாவது எந்திரிச்சிருந்தா எண்ணியிருப்பேன். என்ற பக்கத்துல படுத்திருந்து எந்திரிச்சுப் போனவளையே நான் எண்ணல. வெக்கமா இருக்குதுங்க, பொய் சொல்லல.

முப்பத்தொண்ணு கூப்பிட்டுட்டாங்க. சாந்தாமணி யாருன்னு கேக்கறாங்க. இல்லீங்க, நான் போகல. போய் இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வர்றா பாருங்க. சொத்துக்காரி அவதானே, அவளே சொல்லட்டும். ஒரு ஓட்டுத்தானுங்க. அவகிட்டயே இருக்கட்டும். நாலரையெல்லாம் இந்த ஒடம்புக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமை குழந்தைவேலு ஜெயிச்சா ஆறு மணிதானே, அப்ப நான் புடிக்கறேன்னு அவகிட்ட வாயை விட்டுட்டேன். ஆறுன்னாலும் எனக்கு நடுச்சாமந்தானுங்க. இருந்தாலும் சொல்லிட்டேன். அவ இப்பவும் சிரிக்கல. நம்பலைன்னு நெனைக்கறேன்.

சரிங்க, நான் வர்றேன். நீங்க என்ன பத்திரத்துக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காமயே பேசிட்டு இருந்திருக்கேன் பாருங்க. எடம் வாங்கறீங்களா? சந்தோஷங்க. யாரு பேருல பதியறீங்க? சம்சாரம் பேருலயா. ஜோசியரு சொன்னாருங்களா? அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், பதிஞ்சுருங்க. அந்தப் பக்கம் தண்ணி எத்தனை மணிக்கு விடறாங்கன்னு மட்டும் இப்பவே கேட்டு வெச்சுக்கங்க.